ஷூகேஸ், இண்டி ராக்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கம் இந்த இசையைப் புதிதாகக் கேட்க ஆரம்பித்தவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் மறுபடி எழுதவில்லை. எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று எண்ணை மட்டும் குறித்திருக்கிறோம்.

1. ஷூகேஸ்னா என்னண்ணே? பேரே ஒரு தினுசா இருக்கு.

1980களின் கடைசியில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் உருவான கிதார் ராக் வகை. டிஸ்டார்ஷன் (கரகரப்பு), ரிவர்ப் (கார்வையான எதிரொலி), டிலே (சற்றுத் தாமதித்துத் திரும்பும் ஒலி) என்று எஃபெக்ட்டுகளை அடுக்கடுக்காக ஏற்றி, கிதாரைத் தனித்தனி ஸ்வரமாக இல்லாமல் ஒரே பெரிய திரையாக விரித்துவிடுவார்கள். குரல் அதற்குள்ளே மெல்ல மிதக்கும். மேடையில் இந்த எஃபெக்ட்டுகளை இயக்கக் காலடியில் கிடந்த பெடல்களைக் குனிந்து பார்த்தபடியே வாசித்ததால், ஷூவையே பார்ப்பவர்கள் (shoegaze) என்று அங்கத்திய இசைப் பத்திரிகைகள் கேலியாக வைத்த பெயர் இது. பேர் நிலைத்துவிட்டது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள்: டப்ளினில் 1983-ல் தொடங்கிய மை ப்ளடி வேலன்டைன், ஆக்ஸ்ஃபோர்டின் ரைட் (Ride), ரெடிங் ஊரின் ஸ்லோடைவ், லண்டனின் லஷ். இவர்களுக்கு முன்னோடிகள் ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸும், 1985-ல் 'சைக்கோகேண்டி' ஆல்பம் போட்ட ஜீசஸ் அண்ட் மேரி செயினும்.

2. அப்ப இண்டி, ட்ரீம் பாப், போஸ்ட் ராக் எல்லாம் ஒண்ணுதானா?

இல்லை, ஆனால் வேலி கிடையாது. பெரிய கம்பெனிகளைச் சாராத சின்ன லேபிள்களில் வெளிவந்த ராக் என்பதுதான் இண்டியின் ஆரம்ப அர்த்தம். ரஃப் ட்ரேட், 4ஏடி, கிரியேஷன், அமெரிக்காவில் சப் பாப், மேட்டடார், மெர்ஜ் போன்றவை அந்த லேபிள்கள். ஷூகேஸ் அதன் ஒரு கிளை. ட்ரீம் பாப்பில் குரல் முன்னால் நிற்கும், கிதார் மினுங்கும், இரைச்சல் குறைவு. போஸ்ட் ராக்கில் பெரும்பாலும் பாட்டே இருக்காது. மெதுவாகத் தொடங்கி ஏறிக்கொண்டே போகும். வகையைப் பற்றிச் சண்டை போடுவதைவிட அடுத்த ஆல்பத்தைக் கேட்பது நல்லது.

3. பாடுறது ஒரு வார்த்தைகூட வெளங்கலையே. ரெக்கார்டிங் கோளாறா, இல்ல என் இங்கிலீஷ் பத்தலையா?

இரண்டும் இல்லை. சினிமாப் பாட்டில் குரலை எல்லா வாத்தியத்துக்கும் மேலே தூக்கி மிக்ஸ் செய்வார்கள். இங்கே வேண்டுமென்றே கிதாருக்குச் சமமாகவோ அதற்குக் கீழேயோ வைக்கிறார்கள். காக்டோ ட்வின்ஸின் எலிசபெத் ஃப்ரேசர் பல பாடல்களில் அர்த்தம் பிடிபடாத ஒலிகளாகவே பாடியிருக்கிறார். இங்கிலீஷ்காரர்களுக்கும் அது விளங்காது. நாகஸ்வரத்தில் ராக ஆலாபனை கேட்கும்போது நாம் வார்த்தை தேடுகிறோமா? பின்னால் ஒத்து நின்று ஒலிக்க, மேலே ராகம் போகிறது. அதோடு நாமும் போகிறோம். அதே காதை இங்கேயும் கொண்டுவந்தால் போதும்.

இன்னும் பிடிபடவில்லை என்றால் ஒரு வழி. முதல் தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை பேஸ் கிதாரை. மூன்றாம் தடவை குரலின் மெட்டை மட்டும் வாய்க்குள் முணுமுணுங்கள். இரைச்சலுக்குள்ளே எவ்வளவு இனிமையான, எளிமையான மெட்டு ஒளிந்திருக்கிறது என்பது அப்போது தெரியும்.

4. எங்கிட்டிருந்து ஆரம்பிக்கிறது? ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்க.

ஸ்லோடைவின் 'சுவ்லாக்கி', 1993. பத்துப் பாட்டு, சுமார் 40 நிமிடம். முதல் பாட்டு 'அலிசன்' யாரையும் விரட்டாது. ஏழாவது பாட்டான 'வென் த சன் ஹிட்ஸ்' இந்த வகை இசை என்னவெல்லாம் செய்யும் என்பதை ஐந்து நிமிடத்துக்குள் காட்டிவிடும்.

எல்லோரும் கொண்டாடும் மை ப்ளடி வேலன்டைனின் 'லவ்லெஸ்' (1991) ஆல்பத்தை முதலில் கொடுக்காதீர்கள். அது இந்த இசையின் உச்சம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அதன் கிதார் வேண்டுமென்றே சுதி வழுக்கும். அந்த பேண்டின் கிதார்காரர் கெவின் ஷீல்ட்ஸ், சுதியை வளைக்கும் ட்ரெமலோ தண்டைக் கையில் பிடித்தபடியே ஸ்ட்ரம் செய்வதால் வரும் வழுக்கல் அது. புதிதாகக் கேட்பவர்கள் ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். 'சுவ்லாக்கி', அடுத்து ரைடின் 'நோவேர்' (1990), காக்டோ ட்வின்ஸின் 'ஹெவன் ஆர் லாஸ் வேகஸ்' (1990), அதன் பிறகு 'லவ்லெஸ்' என்று போனால் காது பழகியிருக்கும். இண்டி ராக் பக்கம் போக நினைப்பவர்களுக்கு யோ லா டெங்கோவின் 1997 ஆல்பம் 'ஐ கேன் ஹியர் த ஹார்ட் பீட்டிங் ஆஸ் ஒன்' நல்ல வாசல். ஒரே ஆல்பத்துக்குள் இரைச்சலும் தாலாட்டும் இருக்கின்றன.

5. முழு ஆல்பமும் கேக்கணுமா? நல்ல பாட்டா நாலு பொறுக்கிக் கேட்டா ஆகாதா?

முதல் அறிமுகத்துக்கு ஆகும். ஆனால் இந்த ஆல்பங்கள் ஒரே ஓட்டமாகக் கட்டப்பட்டவை. 'லவ்லெஸ்'ஸில் பல பாட்டுகளின் வாலில் சின்ன இடையிசை ஓடி அடுத்த பாட்டில் போய்ச் சேரும். பொறுக்கிக் கேட்டால் அது நடுவில் அறுபடும்.

கேட்கும் முன் ஆப்பில் மூன்றைப் பாருங்கள். ஷஃபிள் அணைந்திருக்க வேண்டும். கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது) பூஜ்யத்தில் இருக்க வேண்டும். கேப்லெஸ் (பாட்டுகளுக்கு நடுவே இடைவெளி விடாதது) ஆன் ஆகியிருக்க வேண்டும். பழைய ஆல்பங்களின் மறுவெளியீட்டில் கடைசியில் கூடுதல் பாட்டுகள் சேர்ந்திருக்கும். 'நோவேர்' முதலில் எல்பியில் (வினைல் இசைத்தட்டில்) எட்டுப் பாட்டுதான், 'வேப்பர் ட்ரெயில்' பாட்டோடு முடிந்தது. முதல் தடவை அங்கேயே நிறுத்திப் பாருங்கள், ஆல்பத்தின் வடிவம் புரியும்.

6. போன்ல போட்டா வெறும் ‘உஸ்ஸ்'னு இரைச்சலாத்தான் கேக்குது. என்ன தப்பு பண்றேன்?

போன் ஸ்பீக்கரில் கேட்பதுதான் தப்பு. அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கிதாரும் கிக் டிரம்மும் ஏறக்குறைய வராது. மெட்டைத் தாங்கும் அடித்தளம் போய்விட்டால் மிஞ்சுவது மேல்பக்கச் சீறல் மட்டும். போதாததற்குப் பல போன்கள் இடது, வலது இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அகலமாக விரித்த கிதார் அப்படியே சுருங்கிவிடும்.

விலை உயர்ந்த கருவி தேவையில்லை. காதுக்குள் இறுகப் பொருந்தும் சாதாரண ஒயர் இயர்போன் போதும். ரப்பர் முனை காதுத் துளைக்குச் சரியான அளவில் இல்லையென்றால் பேஸ் கசிந்துவிடும். டப்பாவில் வரும் மூன்று அளவையும் மாற்றிப் பாருங்கள். போனில் ஜாக் இல்லை என்றால் டைப்-சி கன்வெர்ட்டர் வாங்கும்போது 'டேக்' (DAC, டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்றபடி மாற்றும் சிப்) உள்ளதாகக் கேட்டு வாங்க வேண்டும். மலிவான சில கன்வெர்ட்டர்களுக்குள் வெறும் ஒயர்தான் இருக்கும், பல போன்களில் சத்தமே வராது. டவுன்ஹால் ரோட்டிலோ மீனாட்சி பஜாரிலோ வாங்குவதாக இருந்தால் உங்கள் போனிலேயே போட்டுக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

பிறகு செட்டிங்ஸ். பேஸ் பூஸ்ட், அட்மாஸ், 3டி போன்ற எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே ரிவர்ப்பில் மூழ்கிய இசையின் மேல் இன்னொரு ரிவர்ப் ஏறினால் கூழாகிவிடும். அக்ஸஸிபிலிட்டி பகுதியில் 'மோனோ ஆடியோ' (இடது, வலதை ஒன்றாக்குவது) தெரியாமல் ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பலருக்கு நிஜமான கோளாறு அதுதான்.

7. சத்தமா வெச்சுக் கேட்டாத்தான் இது புரியும்னு சொல்றாங்க. காது போயிறாதா?

போய்விடும், அளவு மீறினால். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம். மை ப்ளடி வேலன்டைன் கச்சேரிகளில் வாசலிலேயே இயர்பிளக் கொடுக்கிறார்கள். அவர்களே அவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறார்கள் என்றால் நாமும் இருக்கலாம்.

டவுன் பஸ்ஸில் கேட்காதீர்கள். இன்ஜின், ஹார்ன், பஸ்ஸில் ஓடும் பாட்டு எல்லாவற்றையும் மீற வால்யூமைக் கடைசி வரை ஏற்றுவீர்கள். அமைதியான அறையில் பாதிக்குச் சற்று மேல் வைத்தாலே போதும். கேட்டு முடித்ததும் காதில் 'ஙொய்' என்று ரீங்காரம் இருந்தால் அன்று அதோடு நிறுத்திவிட்டு அடுத்த தடவை குறைத்து வையுங்கள்.

8. டேட்டா எம்புட்டு ஆகும்? கம்மி குவாலிட்டியில கேட்டா வித்தியாசம் தெரியுமா?

ஒலியின் தர அளவு 128 கேபிபிஎஸ் என்றால் மணிக்குச் சுமார் 58 எம்பி. 320 என்றால் 144 எம்பி. தரம் குறையாமல் சுருக்கும், சிடி தரத்து ஃப்ளாக் ஃபைல் இந்த இசைக்கு 400 எம்பியைத் தொடும். அடர்த்தியான ஒலியைச் சுருக்குவது கடினம் என்பதால் ஃபைல் பெரிதாகிறது.

அதே காரணத்தால் குறைந்த தரத்தில் ஷூகேஸ் மற்ற இசையைவிடச் சீக்கிரம் கெடும். சிம்பலும் கிதாரும் சேரும் இடத்தில் தண்ணீருக்குள் கொப்பளிப்பதுபோல ஒரு சத்தம் வரும். வீட்டு வைஃபையில் 320-ல் இறக்கி வைத்துக்கொண்டு வெளியே கேளுங்கள். 320-க்கும் ஃப்ளாக்குக்கும் உள்ள வித்தியாசத்துக்காகப் போனை நிரப்ப வேண்டியதில்லை.

9. பேண்டு பேரைப் போட்டுத் தேடுனா வேற என்னென்னமோ வருது.

ரைட், லஷ், கர்வ், மூஸ், மெடிசின், நத்திங் என்று பாதிப் பேண்டுகளின் பேர் சாதாரண இங்கிலீஷ் வார்த்தை. பேரோடு ஆல்பம் தலைப்பையும் வருடத்தையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். வாய்ஸ் சர்ச்சை நம்பாதீர்கள். ஒரே பேரில் இரண்டு மூன்று பேண்டு இருந்தால் ஸ்ட்ரீமிங் ஆப்புகள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் கொட்டி வைத்திருக்கும். இசை வெளியீடுகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் அதே பேர்களுக்குப் பின்னால் எண் போட்டுத் தனித்தனியாகப் பிரித்திருப்பார்கள். எந்த ஆல்பம் யாருடையது என்பதை அங்கே சரிபார்க்கலாம்.

10. வீட்ல எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட்டு. அம்மா கந்த சஷ்டி கவசம் போடுறாங்க, தம்பி குத்துப் பாட்டு. எனக்குப் பரிந்துரையே ஒழுங்கா வரல.

வராதுதான். பாதியைச் சரி செய்யலாம். ஸ்பாடிஃபையில் மற்றவர்கள் கேட்கும் பிளேலிஸ்ட்டுகளை 'டேஸ்ட் ப்ரொஃபைலில் இருந்து விலக்கு' என்று குறித்துவிடலாம். தம்பி கேட்கும்போது பிரைவேட் செஷன் போடச் சொல்லலாம். முடிந்தால் உங்களுக்கென்று தனி அக்கவுண்ட் வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் பரிந்துரையை மட்டும் நம்பி இருக்காதீர்கள். ஏற்கெனவே பலர் கேட்டதையே அது உங்களுக்கும் தரும். அடுத்த பதிலில் உள்ள வழிகள்தான் ஆழமாகக் கொண்டுபோகும்.

11. பெரிய பேண்டெல்லாம் கேட்டு முடிச்சாச்சு. யாருக்கும் தெரியாத நல்ல பேண்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதல் வழி, மனிதர்களைப் பின்தொடர்வது. கலைஞர்களும் லேபிள்களும் ஆல்பங்களை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் உங்களுக்குப் பிடித்த ஒரு சின்ன ஆல்பத்தின் பக்கத்தைத் திறந்தால் அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் வரிசையாக இருக்கும். பத்தே பேர் வாங்கிய ஆல்பமாக இருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒருவரைத் தொட்டால் அவர் வாங்கியது முழுக்கத் தெரியும். உங்களிடம் இருப்பதில் நான்கைந்து அவரிடமும் இருந்தால், மீதி இருப்பதிலும் உங்களுக்குப் பிடித்தது நிச்சயம் கிடைக்கும். அவரை ஃபாலோ செய்துவிடுங்கள். எந்த அல்காரிதமும் இதற்கு ஈடாகாது.

இரண்டாவது, லேபிளைப் பின்தொடர்வது. அமெரிக்காவின் ஸ்லம்பர்லேண்ட், கேப்சர்ட் ட்ராக்ஸ், லண்டனின் சோனிக் கதீட்ரல் போன்ற சின்ன லேபிள்களை நடத்துபவர்களின் ரசனை ஒரே நூலாக ஓடும். ஒரு ஆல்பம் பிடித்தால் அதே லேபிளில் முன்னும் பின்னும் வந்த மூன்றைக் கேளுங்கள். மூன்றாவது, ஆல்பத்தில் வேலை செய்தவர்களின் பட்டியல். ஆல்பக் குறிப்பில் யார் தயாரித்தார், யார் மிக்ஸ் செய்தார் என்று பார்த்து அந்தப் பேரைத் தேடுங்கள். லஷ்ஷின் 'ஸ்பூக்கி' (1992) ஆல்பத்தைத் தயாரித்தவர் காக்டோ ட்வின்ஸின் ராபின் கத்ரி. இப்படி ஒரு பேரைப் பிடித்தால் பத்து ஆல்பம் கூடவே வரும்.

ரேடியோவும் உண்டு. சியாட்டிலின் கேஈஎக்ஸ்பி நிலையம் இணையத்தில் இலவசம், பாட்டு ஓட ஓட அதன் விவரமும் பக்கத்தில் வந்துகொண்டே இருக்கும். அங்கே காலை 10 மணி என்றால் நமக்கு இரவு 10.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 11.30. கேட்பவர்களே ஆல்பங்களுக்கு மதிப்பெண் போடும் ரேட் யுவர் மியூசிக் தளத்தில் வகையையும் வருடத்தையும் தேர்ந்தெடுத்துப் பட்டியல் எடுக்கலாம். ஆனால் முதல் பக்கத்தை விட்டுவிட்டு நான்காம், ஐந்தாம் பக்கத்துக்குப் போங்கள்.

ஒரு சின்ன ஆல்பம் எப்படிப் பிழைக்கிறது என்பதற்கு பஞ்சிகோ என்ற நாட்டிங்ஹாம் பேண்டு சாட்சி. 2000-ல் சுமார் 30 பிரதி மட்டும் போட்ட அவர்களுடைய சிடி ஒன்று 2016-ல் ஒரு பழம்பொருள் கடையில் யாரோ ஒருவர் கையில் கிடைத்தது. சிடி அரித்துப்போய்ப் பாதி இரைச்சல். அவர் அதை இணையத்தில் ஏற்ற, கேட்டவர்கள் கூடித் தேடி, 2020-ல் பேண்டு உறுப்பினர்களையே கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு அவர்கள் மறுபடி மேடை ஏறினார்கள்.

12. ரீல்ஸ்ல ஒரு பாட்டு கேட்டேன், ‘ஸ்லோட் ரிவர்ப்'னு போட்டிருந்துச்சு. அதுதான் ஷூகேஸா? ஷஸாம்லயும் வரல.

இல்லை. எந்தப் பாட்டையும் வேகம் குறைத்து ரிவர்ப் போட்டால் அந்த வீடியோ வரும். இளையராஜா பாட்டுக்கும் அப்படி இருக்கிறது. ஷூகேஸில் எஃபெக்ட் என்பது பாட்டை உருவாக்கும்போதே உள்ள வாத்தியம். உதாரணத்துக்கு, ரிவர்ப்பை முதலில் போட்டு அதன் பிறகு டிஸ்டார்ஷன் கொடுப்பார்கள். வழக்கமான வரிசைக்கு இது நேர் தலைகீழ். எதிரொலியே உடைந்து சுவராக எழும்புவது அதனால்தான்.

பாட்டைக் கேட்டுப் பேர் சொல்லும் ஷஸாம் ஆப்பில் வராததற்குக் காரணம் சுதியும் இறங்கிப்போனது. யூடியூபில் வேகத்தை ஏற்றினால் சுதி ஏறாது என்பதால் அதனால் பலன் இல்லை. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் வேகமும் சுதியும் சேர்ந்து மாறும் தேர்வை எடுத்து 1.25 மடங்கு ஏற்றுங்கள். 0.8-க்கு இறக்கிய பாட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். ரிவர்ப் ரொம்ப அதிகமாக இல்லையென்றால் இப்போது ஷஸாம் பிடித்துவிடும்.

13. தமிழ்ல, நம்ம நாட்டுல யாராச்சும் இப்படிப் பண்றாங்களா?

இண்டி பக்கம் நிறைய. சென்னையின் எஃப்16ஸ், ஸ்க்ராட் இரண்டும் ஆங்கிலத்தில் பாடும் பேண்டுகள். டெல்லியின் பீட்டர் கேட் ரெக்கார்டிங் கம்பெனி எந்த வகைக்குள்ளும் அடங்காது, கட்டாயம் கேளுங்கள். அகமதாபாத்தின் ஆஸ்விகீப்சர்ச்சிங் (aswekeepsearching) போஸ்ட் ராக். தமிழில் கபேர் வாசுகியும் டென்மாவும் சேர்ந்து செய்த குரங்கன், பிறகு டென்மாவும் சேர்ந்து தொடங்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இரண்டையும் சினிமாவுக்கு வெளியே தமிழில் என்ன செய்ய முடியும் என்பதற்காகக் கேட்க வேண்டும். அசல் ஷூகேஸ் தமிழில் இன்னும் அரிது. இடம் காலியாகவே இருக்கிறது; 21-ஆம் கேள்வியைப் பாருங்கள்.

நேரில் கேட்க சென்னை, பெங்களூருதான் போக வேண்டும். இந்த பேண்டுகள் நிகழ்ச்சியைத் தங்கள் இன்ஸ்டாகிராமில்தான் முதலில் அறிவிக்கிறார்கள். ராத்திரி நிகழ்ச்சி முடிந்து திரும்பும் ரயிலுக்கு டிக்கெட் கிடைப்பது கஷ்டம் என்பதால் நிகழ்ச்சி டிக்கெட்டோடு சேர்த்தே ரயில் டிக்கெட்டையும் எடுத்துவிடுங்கள்.

14. பேண்ட்கேம்ப்ல வாங்கப் போனா கார்டை ஏத்துக்க மாட்டேங்குது.

யூபிஐ அங்கே கிடையாது. நம் ஊர் டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பொதுவாக அணைந்தே இருக்கும். வங்கி ஆப்பில் கார்டு கட்டுப்பாட்டுப் பகுதிக்குப் போய் வெளிநாடு, ஆன்லைன் இரண்டையும் ஆன் செய்து, உச்ச வரம்பு 1,000 ரூபாய் என்று வையுங்கள். வாங்கி முடித்ததும் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் ஓடிபி கேட்காமலேயே பணம் போகக்கூடும், அதனால்தான் வரம்பு. ரூபே கார்டு பெரும்பாலும் எடுபடாது. விசா அல்லது மாஸ்டர்கார்டு வேண்டும். நாணய மாற்றுக் கட்டணமாக 2 முதல் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும்.

15. யூடியூப்ல ஓசியிலயே இருக்கே, எதுக்குக் காசு குடுக்கணும்?

கேட்பதற்கு வேண்டாம். பிடித்துப்போனால் கொடுங்கள். பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, பணம் செலுத்தும் கட்டணமும் கழியும், மீதி கலைஞருக்கோ லேபிளுக்கோ போகிறது. ஸ்பாடிஃபையில் 2024 முதல் ஒரு பாட்டு 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடவில்லை என்றால் அதற்குப் பணமே கிடையாது. நாம் தேடிப் போகும் சின்ன பேண்டுகள் பலதும் அந்த வரம்புக்குக் கீழேதான் இருக்கின்றன. நீங்கள் கொடுக்கும் முந்நூறு ரூபாய் அவர்களுக்கு உண்மையிலேயே ஒரு பொருட்டு.

'பேண்ட்கேம்ப் வெள்ளி' என்று அறிவிக்கும் நாட்களில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது. அமெரிக்க மேற்குக் கரை நேரம் என்பதால் நமக்கு வெள்ளி மதியம் 12.30-க்கு (குளிர்காலத்தில் 1.30-க்கு) தொடங்கி சனி அதே நேரம் வரை.

16. நல்ல பாட்டா அனுப்புறேன், ஒருத்தரும் கேக்க மாட்டேங்குறாங்க ப்ரோ.

முப்பது பாட்டுப் பிளேலிஸ்ட்டை குரூப்பில் தட்டிவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். ஒருவருக்கு ஒரு பாட்டு அனுப்புங்கள். அவர் ஏற்கெனவே எதைக் கேட்கிறார் என்று யோசித்து அனுப்புங்கள். ரஹ்மானின் 90கள் பாட்டுகளில் பின்னணி ஒலிக்கு மயங்குபவருக்கு காக்டோ ட்வின்ஸ். மெட்டல் கேட்பவருக்கு நத்திங். சோகப் பாட்டுக்காரருக்கு ஸ்லோடைவ். எந்த நிமிடத்தில் என்ன வரும் என்று ஒரு வரி சேருங்கள்: “ஹெட்போன்ல, ராத்திரி கேளு. ரெண்டாவது நிமிஷம் வரைக்கும் பொறு, அங்கதான் கிதார் தொறக்கும்.” பாட்டோடு கேட்கும் வழியையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இந்த இசை போய்ச் சேரும்.

கேட்டாயா என்று மறுநாளே விசாரிக்காதீர்கள். ஒரு வாரம் விடுங்கள். பிடிக்கவில்லை என்றால் ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “குரல் கேக்கல” என்றால் ட்ரீம் பாப் பக்கம் திருப்புங்கள், “மந்தமா இருக்கு” என்றால் ரைட் கொடுங்கள். அந்த நாளில் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து 60 நிமிடக் கேசட்டில் பதிந்தவர்கள், ஒரு பக்கத்துக்கு 30 நிமிடத்துக்குள் எதை வைப்பது, எதை விடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிளேலிஸ்ட் போடுவதாக இருந்தால் அதே வரம்பை வைத்துக்கொள்ளுங்கள்.

17. வாங்குன ஃபைலை வாட்ஸப்ல அனுப்பலாமா?

சொந்தமாகக் கேட்கத்தான் வாங்கியிருக்கிறீர்கள், பிரதி எடுத்துப் பரப்ப அல்ல. அனுப்பத் தேவையும் இல்லை. பேண்ட்கேம்ப் லிங்க்கை அனுப்பினால் பெரும்பாலான ஆல்பங்களை முழுசாக இலவசமாகக் கேட்கலாம். வாங்கும்போதே பரிசாக அனுப்பும் வசதியும் உண்டு. பிறந்த நாளுக்கு இதைவிட நல்ல பரிசு கிடையாது. நீங்களே செய்த பாட்டை அனுப்புவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' ஆக இணையுங்கள், தரம் அப்படியே போகும்.

18. நாலு பேர் சேர்ந்து ஒக்காந்து கேக்கணும்னு ஆசை. எப்படி ஏற்பாடு பண்றது? லைசென்ஸ் வேணுமா?

எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். இரண்டு நடுத்தர ஸ்பீக்கர் போதும். இரண்டுக்கும் இடையே 2 மீட்டர், கேட்பவர்களுக்கும் அதே தூரம், பின்சுவரிலிருந்து ஒரு முழமாவது தள்ளி, உட்கார்ந்தவர்களின் காது உயரத்தில் வையுங்கள். நம் வீடுகளின் பெரிய சிக்கல் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும். அறையே எதிரொலித்தால் கிதாரின் ரிவர்ப்பும் அறையின் எதிரொலியும் கலந்து குழம்பிவிடும். தரையில் தடிமனான ஜமக்காளம், ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் இரண்டு பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைத்தால் உடனே தெளிவு தெரியும். கை தட்டிப் பாருங்கள்: 'டிங்' என்று சுவரில் தெறிக்கும் ஒலி அடங்கியிருக்க வேண்டும். மொட்டை மாடியில் எதிரொலி கிடையாது, ஆனால் பேஸ் காற்றில் கரைந்துவிடும். மைக் செட் குழாய் ஸ்பீக்கர் இதற்கு ஆகவே ஆகாது; அது பேச்சுக்காகச் செய்தது.

ஒரு ஆல்பம் முழுசாக, பேச்சில்லாமல். பிறகு கால் மணி நேரம் டீ. அதன் பின் ஆளுக்கு ஒரு பாட்டு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். 9 மணிக்கே முடித்தால் பக்கத்து வீட்டுக்காரர்களும் அடுத்த முறை தடுக்க மாட்டார்கள்.

வீட்டில் நண்பர்களோடு கேட்பதற்கு லைசென்ஸ் தேவையில்லை. காபி கடை, மண்டபம், டிக்கெட் என்று வந்தால் அது பொது நிகழ்ச்சி. பாடலின் இசை, வரிக்கு ஐபிஆர்எஸ் ஒரு பக்கம், ஒலிப்பதிவுக்கு பிபிஎல் போன்ற அமைப்புகள் இன்னொரு பக்கம் என்று இரண்டு உரிமை வாங்க வேண்டியிருக்கும். இடத்துக்காரரிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

19. எல்பி வாங்கலாமா? நம்ம ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

ரொம்பப் பிடித்த ஆல்பத்துக்கு மட்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்கமும் சேர்ந்து எல்பியின் விலையையே தாண்டக்கூடும். சித்திரை, வைகாசி வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள்ளோ மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியிலோ வைத்தால் தட்டு நெளிந்துவிடும். படுக்கப் போட்டு அடுக்காமல் செங்குத்தாக நிறுத்துங்கள். கூரியர்காரர் பகலில் வாசலில் வைத்துவிட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். கேசட்டுக்கு எதிரி ஐப்பசி மழை. சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

20. இப்பல்லாம் ஏஐ பண்ண போலி பேண்டு நெறைய வருதாமே. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

குரல் மங்கலாகவும் கிதார் அடர்த்தியாகவும் இருப்பதால் இந்த வகையில் போலியை ஒளிப்பது எளிது. காதை விடப் பின்னணியை நம்புங்கள். மாதம் இரண்டு ஆல்பம் வருகிறதா? யார் டிரம்ஸ், எங்கே பதிவு என்று எதுவுமே இல்லையா? மேடை வீடியோ ஒன்றுகூட இல்லையா? மூன்றும் சேர்ந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் முகம் காட்டாததை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். இந்த இசையில் கூச்ச சுபாவம் அதிகம். 11-ல் சொன்னபடி வாங்கியவர்களையும் லேபிளையும் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

21. நானே வீட்ல ஒரு பாட்டு பண்ணிருக்கேன். பேண்டும் இல்ல, ஆம்ப்பும் இல்ல. இதை எங்கிட்டுப் போடுறது?

தென்கொரியாவின் பரனூல் என்பவர் பேர் வெளியிடாத தனி மனிதர். கம்ப்யூட்டரிலேயே வாத்தியங்களை வைத்து வீட்டில் செய்த ஆல்பத்தை 2021-ல் பேண்ட்கேம்ப்பில் ஏற்றினார். ரேட் யுவர் மியூசிக்கில் கேட்டவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அது உலகம் முழுக்கப் போனது. ஆம்ப் (கிதார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) இல்லாதது தடையே இல்லை.

பாட்டை 16 அல்லது 24 பிட் வேவ் ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். எம்பி3-ஐ பேண்ட்கேம்ப் ஏற்காது. அட்டைப் படம் குறைந்தது 1400-க்கு 1400 பிக்ஸல். ஏற்றும் முன் ஒருமுறை மோனோவில் கேட்டுப் பாருங்கள், குரலோ கிதாரோ காணாமல் போனால் ஸ்டீரியோ விரிப்பைக் குறைக்க வேண்டும். விலையை 'விருப்பப்பட்டதைக் கொடு' என்று வைத்து, குறைந்தபட்சத்தைப் பூஜ்யமாக விடுங்கள். தேடுவதற்கான குறிச்சொல்லான டேகில் வகையோடு ஊர்ப் பேரையும் ஆங்கில எழுத்தில் போடுங்கள், மதுரை என்று. இந்தப் பக்கத்திலிருந்து யார் செய்கிறார்கள் என்று தேடுபவர்கள் அந்த ஒரு டேகை வைத்துத்தான் உங்களிடம் வந்து சேர முடியும்.